அதே நிரல், வேறு வேறு நேரம்

குன்றத்தூர் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் ஷிஃப்ட் மாறும் வேளையில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டும். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் என்று சிப்காட் வளாகங்களுக்குப் பிரிந்து போகிற அந்த பஸ்களில் இருப்பவர்களின் வேலை நேரத்தை ஓர் அளவு ஆள்கிறது: சைக்கிள் டைம். லைனில் ஒரு ஸ்டேஷனுக்கு வந்த பொருள் வேலை முடிந்து அடுத்த ஸ்டேஷனுக்கு நகர ஆகும் நேரம் அது. ஆள் கைவேலையை அதற்குள் முடிக்க வேண்டும், ரோபோ வெல்டிங்கை முடிக்க வேண்டும், எல்லாவற்றையும் நடத்துகிற நிரலும் தன் கணக்கை முடித்தாக வேண்டும்.

அந்த நிரல் பெரும்பாலும் பிஎல்சி என்ற பெட்டிக்குள் ஓடுகிறது. சென்சார்கள் சொல்வதைப் படிக்கும், நிரலை முதல் வரியிலிருந்து கடைசி வரை ஓட்டும், மோட்டாருக்கும் வால்வுக்கும் கட்டளை அனுப்பும். பிறகு மறுபடி முதலிலிருந்து. ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரமானது என்பதை அது தானே அளந்து வைத்துக்கொள்கிறது. சீமென்ஸ் எஸ்7 வகைப் பெட்டியில் லேப்டாப்பை இணைத்துப் பார்த்தால் மிகக் குறைந்த நேரம், மிக அதிக நேரம், கடைசிச் சுற்றின் நேரம் என மூன்று எண்கள் தெரியும். மெயின்டனன்ஸ் இன்ஜினியருக்கு முக்கியம் மிக அதிக நேரம்தான். உள்ளே வாட்ச்டாக் என்ற காவல் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. நாம் மாற்றாத வரை அதன் எல்லை 150 மில்லிவிநாடி. ஆயிரம் சுற்றுகள் 10 மில்லிவிநாடியில் முடிந்திருந்தாலும் ஒரே ஒரு சுற்று அந்த எல்லையைத் தாண்டினால் பிழை பதிவாகும். அதைக் கையாளும் பகுதி நிரலில் எழுதப்படாமல் இருந்தால் எஸ்7-300 வகைப் பெட்டி நின்றேவிடும். லைனும் நிற்கும்.

பைத்தான் மொழியோடு இலவசமாக வரும் டைம்இட் என்ற சிறு நூலகம் வேறு மாதிரி. அதுவும் நிரலின் நேரத்தைத்தான் அளக்கிறது. கட்டளை வரியில் அதைக் கூப்பிட்டால் ஐந்து முறை அளந்து, ஐந்தில் மிகக் குறைந்ததை மட்டும் விடையாகத் தருகிறது. பிஎல்சி பெரிய எண்ணைப் பார் என்கிறது, டைம்இட் சின்ன எண்ணை மட்டும் பார் என்கிறது. இரண்டுமே சரி. அது எப்படி என்று புரிந்தால் நிரல் வேகத்தை அளப்பதில் பாதி புரிந்ததாகும்.

டைம்இட் 2003இல் பைத்தான் 2.3 பதிப்போடு வந்தது. மூல நிரலைத் திறந்து பார்த்தால் ஏறத்தாழ 400 வரிதான். அதிலும் கணிசமான பகுதி விளக்கக் குறிப்பு. கட்டற்ற மென்பொருள் என்பதால் யாரும் திறந்து படிக்கலாம், படிக்கவும் வேண்டும். நேரத்தை அளப்பதில் உள்ள பொதுவான பொறிகளைத் தவிர்க்கவே இந்த நூலகம் என்று முதல் பத்தியிலேயே அது சொல்லிவிடுகிறது. கடிகாரத்தை எடுத்து முன்னும் பின்னும் பார்த்துக் கழித்தால் போதாதா, இதில் என்ன பொறி என்று தோன்றும்.

முதல் பொறி கடிகாரமே. கணினியின் சுவர்க் கடிகாரத்தை இணையத்திலுள்ள நேர சேவையகங்கள் அவ்வப்போது திருத்துகின்றன. அளவெடுக்கும் நடுவில் கடிகாரம் பின்னுக்கு நகர்த்தப்பட்டால் நிரல் தொடங்குவதற்கு முன்பே முடிந்ததாகக் கணக்கு வரும். அதனால் எப்போதும் முன்னோக்கி மட்டுமே ஓடும் கடிகாரம் தனியாக வேண்டும். பைத்தான் 3.3 பதிப்பில், 2012இல், பெர்ஃப் கவுன்ட்டர் என்ற பெயரில் அது வந்தது. டைம்இட் இன்று அதைத்தான் பயன்படுத்துகிறது.

இரண்டாவது பொறி, அளக்கப்படும் வேலை மிகச் சிறியது என்பது. இரண்டு எண்களைக் கூட்டுவது நானோவிநாடிக் கணக்கில் முடிந்துவிடும். ஒரு நானோவிநாடியில் ஒளியே 30 சென்டிமீட்டர்தான் போகும். கடிகாரத்தைப் படிப்பதற்கே அதைவிட அதிக நேரமாகிறது. ஆகவே வேலையை ஒரு முறை செய்து அளப்பதில் பொருளில்லை. டைம்இட் நாம் கொடுக்கும் வரியை ஒரு சுழற்சிக்குள் வைத்துப் பல்லாயிரம் முறை ஓட்டி, மொத்த நேரத்தை எண்ணிக்கையால் வகுக்கிறது. எத்தனை முறை ஓட்டுவது என்பதையும் அதுவே தேடிக் கண்டுபிடிக்கும்: 1, 2, 5, 10, 20, 50 என்று ஏற்றிக்கொண்டே போய், மொத்தம் 0.2 விநாடியைத் தொட்டதும் அந்த எண்ணிக்கையை வைத்துக்கொள்ளும். சுழற்சியைச் சுற்றுவதற்கே கொஞ்சம் நேரமாகுமே என்றால், அதற்கும் ஒரு யுக்தி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் புதிய எண்ணை உருவாக்காமல், வெறுமையைக் குறிக்கும் ஒரே பொருளையே திரும்பத் திரும்பக் கொடுக்கும் கருவியின் மேல் சுழற்சி ஓடுகிறது. அளக்கும் கருவியின் எடை அளவில் ஏறிவிடக் கூடாது என்ற கவலை இந்த வரிகளில் தெரிகிறது. இந்தச் சிறிய நூலகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

மூன்றாவது பொறிக்கு வைத்திருக்கும் யுக்திதான் விவாதத்துக்குரியது. பயனற்றுப்போன பொருள்களைத் தேடி நினைவகத்தைத் துடைக்கும் கார்பேஜ் கலெக்டர் பைத்தானுக்குள் இருக்கிறது. அது எப்போது எழுந்து வேலை செய்யும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அளவெடுக்கும்போது அது குறுக்கே வந்தால் அந்த நேரமும் நம் நிரலின் கணக்கில் சேர்ந்துவிடும். டைம்இட் அளவு முடியும் வரை அதை நிறுத்தி வைக்கிறது. இதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்பதைப் பிறகு பார்ப்போம்.

இனி ஒரு நிஜமான வேலையை எடுத்துக்கொள்வோம். தமிழ்ச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரிப்பது. ஆங்கிலத்தில் இது ஒரு வேலையே இல்லை. தமிழில் அப்படியல்ல. குன்றத்தூர் என்ற பெயரில் கு, ன், ற, த், தூ, ர் என்று ஆறு எழுத்துகள். பைத்தானிடம் இந்தச் சொல்லின் நீளத்தைக் கேட்டால் 11 என்று சொல்லும். யூனிகோடில் உயிர்மெய்யின் உயிர்க்குறிக்குத் தனிக் குறியீடு, புள்ளிக்குத் தனிக் குறியீடு. எனவே ற தவிர மற்ற ஐந்தும் இரண்டிரண்டு. கோப்பில் யுடிஎஃப்-8 முறையில் எழுதினால் குறியீட்டுக்கு மூன்று பைட்டு வீதம் 33 பைட்டு. சொல்லைத் திருப்பிப் போடவும், யாப்பு பார்க்கவும், எழுத்துப்பிழை திருத்தவும் 11 உதவாது, ஆறு வேண்டும். முத்து அண்ணாமலை தொடங்கிய ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற பைத்தான் நூலகத்தில் இதற்கென்றே ஒரு செயல்பாடு இருக்கிறது. தமிழ் உரையைக் கையாளும் நிரல்களுக்கு இதுதான் வாசற்படி, ஒவ்வொரு எழுத்தும் இதைத் தாண்டித்தான் போக வேண்டும். எனவே இதன் வேகம் முக்கியம்.

எப்படி அளப்பது? குன்றத்தூர் என்ற ஒரே சொல்லைக் கொடுத்து டைம்இட்டை ஓட்டலாம். எண் வரும், அதை நம்பிவிடக் கூடாது. ஒரே சொல்லைப் பல லட்சம் முறை பிரிக்கும்போது அந்த 11 குறியீடுகளும் பிராசஸருக்கு மிக அருகிலுள்ள கேஷ் நினைவகத்திலேயே உட்கார்ந்துவிடும். அங்கிருந்து எடுக்க ஏறத்தாழ ஒரு நானோவிநாடி. முதன்மை நினைவகத்துக்குப் போய் எடுத்தால் ஏறத்தாழ நூறு. அடுத்து எந்தக் கிளையில் போகும் என்று ஊகிக்கும் பிராசஸர், ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் விடையை மனப்பாடம் செய்துகொள்கிறது. நிஜ உரையில் அடுத்த எழுத்து எது என்று யாருக்கும் தெரியாது.

ஆகவே நிஜ உரை வேண்டும். குன்றத்தூர்க்காரர்களுக்கு அதைத் தேடி வெகுதூரம் போகத் தேவையில்லை. சேக்கிழார் இந்த ஊர்க்காரர். 12ஆம் நூற்றாண்டில் அவர் பாடிய பெரியபுராணத்தில் 4,200க்கும் மேற்பட்ட பாடல்கள். 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற தமிழ் மின்னூல் தொகுப்பில் அது மின்னுரையாகக் கிடைக்கிறது. நீளமான, பலவகைச் சொற்கள் கொண்ட, யாரும் தடையில்லாமல் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய சோதனைத் தரவு. இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

தமிழ்த் தரவுதான் வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது பற்றினால் மட்டுமல்ல. பைத்தான் 3.3 முதல் ஒரு சரத்தை, அதாவது உரைத் துண்டை, நினைவகத்தில் எப்படி வைப்பது என்பதை அதிலுள்ள மிகப் பெரிய குறியீட்டைப் பார்த்து முடிவு செய்கிறது. ஆங்கில எழுத்து மட்டும் இருந்தால் ஒன்றுக்கு ஒரு பைட்டு. தமிழ் இருந்தால் இரண்டு. பெரும்பாலான எமோஜிகளில் ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்தச் சரம் முழுக்க நான்கு. மா, காணி, முந்திரி போன்ற பழைய பின்னக் குறிகளை 2019இல் யூனிகோடு சேர்த்துக்கொண்டது, ஆனால் அவற்றுக்குத் தமிழின் பழைய தொகுதியில் இடமில்லாமல் வெகுதூரத்தில் இடம் கொடுத்தது. எனவே பழைய நிலக்கணக்கு ஒன்றைத் தட்டச்சு செய்து அதில் ஒரு மா குறி இருந்தாலே, பத்து லட்சம் குறியீடு கொண்ட உரை 20 லட்சம் பைட்டிலிருந்து 40 லட்சம் பைட்டாகிவிடும். அதே நீளத்துக்கு ஆங்கில உரை 10 லட்சம்தான். கேஷுக்குள் அடங்குமா அடங்காதா என்பது இதைப் பொறுத்தது, வேகமும் அதைப் பொறுத்தது. ஆங்கில உரையை வைத்து அளந்து வேகமானது என்று பெயர் வாங்கிய நூலகம் தமிழில் எப்படி ஓடும் என்பதற்கு அந்த அளவு சாட்சியாகாது.

இன்னொன்று, சரியாக வேலை செய்யாத நிரலின் வேகத்தை அளப்பது வீண். கொ என்ற எழுத்தைக் க என்பதோடு ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் ஒன்றுபோலவே தெரியும். ஸ்ரீபெரும்புதூரின் முதல் எழுத்துக்கு நான்கு குறியீடுகள். அதைத் தொடங்கும் மெய்யாக ஸகரத்தையும் வைக்கலாம், ஶகரத்தையும் வைக்கலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. இந்த வகைகளையெல்லாம் கவனிக்கும் நிரல் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும். கவனிக்காததோடு அதை ஒப்பிட்டு மெதுவானது என்று தீர்ப்புச் சொல்வது அநியாயம். முதலில் விடை சரியா என்று பார்க்கும் சோதனை, அதற்குப் பிறகே வேகச் சோதனை.

ஓர் அளவோடு நிறுத்தவும் கூடாது. நூறு பாடல்களுக்கு, இருநூறுக்கு, நானூறுக்கு என்று இரட்டித்துக்கொண்டே போய் அளக்க வேண்டும். நேரமும் இரட்டித்தால் கவலையில்லை. ஒவ்வொரு இரட்டிப்புக்கும் நேரம் நான்கு மடங்காக ஏறினால், சின்ன உரையில் எவ்வளவு வேகமாகத் தெரிந்தாலும் அந்த நிரல் பெரியபுராணம் முழுவதையும் கொடுக்கும்போது திணறும்.

இப்போது எண்கள் வந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் அதே லேப்டாப்பில், அதே நிரலை, அதே உரையில் ஓட்டினால் வேறு எண் வரும். சித்திரை வெயிலில் மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் லேப்டாப் சூடேறினால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கரண்ட் போய் பேட்டரியில் ஓடினாலும் பல லேப்டாப்கள் வேகத்தைக் குறைக்கும். பின்னணியில் அப்டேட் இறங்கும், பிரௌசரில் ஏதோ ஒரு பக்கம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இந்த இடையூறுகளுக்கு ஒரு பொதுக் குணம் இருக்கிறது. அவை நேரத்தைக் கூட்டும், குறைப்பதில்லை. நிரல் செய்தே தீர வேண்டிய வேலைக்கு ஒரு கீழெல்லை உண்டு, மற்றதெல்லாம் அதன் மேல் ஏறிய சுமை. ஐந்து முறை அளந்து மிகக் குறைந்ததை எடுத்தால் சுமை மிகக் குறைவாக இருந்த தருணம் கிடைக்கிறது. டைம்இட் சின்ன எண்ணைத் தருவதன் காரணம் இதுதான். மிக மோசமான நேரம் மிகச் சிறந்ததைவிட நான்கு மடங்குக்கு மேல் போனால், முடிவை நம்பவேண்டாம் என்று அதுவே எச்சரிக்கையும் செய்யும்.

ஆனால் எல்லாப் பிழையும் மேல்நோக்கியே விலகும் என்ற நம்பிக்கைக்கு 2009இல் ஓர் அடி விழுந்தது. மிட்கோவிச், அமர் திவான், ஹவுஸ்விர்த், ஸ்வீனி என்ற நான்கு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நிரலில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல், இயங்குதளத்தின் சூழல் மாறிகளின் மொத்த நீளத்தை மட்டும் மாற்றினாலே வேகம் மாறுகிறது என்று காட்டினார்கள். நிரலின் பகுதிகளை இணைக்கும் வரிசையை மாற்றினாலும் அப்படியே. நினைவகத்தில் தரவும் கட்டளைகளும் எந்த முகவரியில் போய் அமர்கின்றன என்பது மாறுவதே காரணம். மாற்றம் அற்பமானதும் அல்ல. ஒரு கம்பைலர் உத்தி பலனளிக்கிறதா கெடுக்கிறதா என்ற முடிவையே தலைகீழாக்கும் அளவுக்கு இருந்தது. ஆயிரம் முறை ஓட்டிக் குறைந்ததை எடுத்தாலும் இந்தச் சாய்வு போகாது, ஏனென்றால் அந்த ஆயிரம் முறையும் நிரல் அதே முகவரிகளில்தான் உட்கார்ந்திருக்கும்.

இதற்கு மருந்தாக விக்டர் ஸ்டின்னர் 2016இல் பைபெர்ஃப் என்ற நூலகத்தை எழுதினார். அது ஒரே ஓட்டத்துக்குள் பலமுறை அளப்பதோடு நிற்காமல் இருபது தனித்தனி ஓட்டங்களைத் தொடங்குகிறது. ஒவ்வொன்றிலும் நினைவக அமைப்பு வேறு. முடிவில் சராசரியையும், எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற திட்ட விலக்கத்தையும் சேர்த்துத் தருகிறது. இரண்டு நிரல்களின் சராசரிக்கு நடுவே உள்ள வேறுபாடு அந்தச் சிதறலுக்குள்ளேயே அடங்கிவிட்டால், ஒன்று மற்றதைவிட வேகமானது என்று சொல்ல நமக்கு ஆதாரமில்லை. இந்த ஒரு பழக்கம் வந்தால், இரண்டு சதவீத முன்னேற்றம் என்று நடக்கும் சண்டைகளில் பல தானாக அடங்கும்.

ஒரகடத்து லைனுக்கு வருவோம். இப்போது பல இடங்களில் வெல்டிங்கையோ ஸ்க்ரூவையோ கேமரா பார்த்துச் சரியா தவறா என்று சொல்கிறது. அந்தப் படத்தை ஆராயும் நிரலைப் பைத்தானில் எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். டைம்இட்டில் ஓட்டினால் அழகான சின்ன எண் வரும். அதை நம்பி சைக்கிள் டைமைத் தீர்மானித்தால் தவறு. டைம்இட் எந்தக் கார்பேஜ் கலெக்டரை நிறுத்தி வைத்துவிட்டு அளந்ததோ, அதுதான் மூன்று மணி நேரம் ஓடிய பிறகு ஒரு காரின் படம் வந்து நிற்கும் வேளையில் எழுந்து வேலை தொடங்கும். ஆய்வகத்தில் சுமை என்று ஒதுக்கிய அந்த நேரம் லைனில் உண்மையான நேரம். சூடேறாத பிராசஸர் முதல் சில நொடிகளில் காட்டும் கூடுதல் வேகமும் எட்டு மணி நேர ஷிஃப்டில் நிலைக்காது.

இரண்டு நிரல் வடிவங்களில் எது குறைந்த வேலை செய்கிறது என்பது கேள்வியானால் சிறிய எண்ணைக் கேளுங்கள். பயன்படுத்துபவருக்குப் பொதுவாக எப்படி இருக்கும் என்பது கேள்வியானால் நடு எண்ணையும் சிதறலையும் கேளுங்கள். கெடு தவறினால் லைன் நிற்கும் என்றால், மிகப் பெரிய எண்ணைத் தவிர வேறெதுவும் உதவாது. அதையும் கார்பேஜ் கலெக்டரை ஓடவிட்டு, ஷிஃப்ட் முழுக்க அளக்க வேண்டும். பைடெஸ்ட்-பெஞ்ச்மார்க் என்ற இன்னொரு கட்டற்ற நூலகம் சிறியது, பெரியது, சராசரி, நடு எண், விலகி நிற்கும் அளவுகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் காட்டுகிறது. தொழிற்சாலைக்கு நிரல் எழுதுபவர்கள் அதிலிருந்து தொடங்குவது நல்லது.

வாகன உலகம் இந்தப் பாடத்தை நிரலாளர்களுக்கு முன்பே படித்தது. ஒரகடத்திலேயே உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஓடுதளங்களும் புகை அளக்கும் கூடங்களும் கொண்டது. இந்திய விதிகளின்படி காரின் புகையும் மைலேஜும் அளக்கப்படும்போது, வண்டியை 20 முதல் 30 டிகிரி வெப்பத்தில் மணிக்கணக்கில் நிறுத்தி வைத்து, பிறகு உருளைகளின் மேல் ஏற்றி, எந்த நொடியில் எந்த வேகம் என்று எழுதிவைத்த 1,180 விநாடி அட்டவணைப்படி ஓட்டுகிறார்கள். அட்டவணையின் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். பல்லாவரம் சாலை நெரிசலில் அந்த மைலேஜ் வராது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு கார்களை ஒப்பிட அது நேர்மையான அளவு, ஏனென்றால் நிபந்தனைகள் எழுத்தில் இருக்கின்றன. நிபந்தனை தெரிந்துவிட்டால் ஏமாற்றவும் முடியும் என்பதை 2015இல் அமெரிக்காவில் வெளிவந்த ஃபோக்ஸ்வாகன் விவகாரம் காட்டியது. உருளையின் மேல் இருக்கிறோம் என்று கண்டுபிடித்து, அங்கே மட்டும் புகையைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் அந்த டீசல் கார்களில் இருந்தது. இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 இரண்டாம் கட்டத்தில், நிஜச் சாலையில் ஓட்டி அளப்பதும் விதியாகியிருக்கிறது. ஆய்வகம், சாலை இரண்டும் தேவை, ஒன்று மற்றதற்கு மாற்றாகாது. டைம்இட்டுக்கும் லைனுக்கும் உள்ள உறவும் இதுவே.

குன்றத்தூர் இருப்பது காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதே மாவட்டத்தின் பெயரில் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இயங்குகிறது. கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே பேசிக் கற்கும் இடம் அது. இந்தத் தொழில்வட்டத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை, பகலில் பிஎல்சியோடும் இரவில் பைத்தானோடும் பழகும் இளைஞர்களுக்கும் குறைவில்லை. அவர்களிடம் நான் கேட்பது ஒரு வேலை. தமிழ் நூலகங்களின் வேகத்தை அளக்கப் பொதுவான சோதனைத் தரவு ஒன்றைத் தொகுத்து யாரும் எடுத்துக்கொள்ளும்படி வையுங்கள். பெரியபுராணம் இருக்கட்டும், இன்றைய செய்தி நடை இருக்கட்டும், எமோஜி கலந்த அரட்டை இருக்கட்டும், ஸ்ரீ இரண்டு வகையிலும் இருக்கட்டும், ஒரு மா குறியும் இருக்கட்டும். அதில் அளந்த எண்ணை வெளியிடும்போது எந்த பிராசஸர், பைத்தானின் எந்தப் பதிப்பு, மின்சாரத்திலா பேட்டரியிலா, எத்தனை ஓட்டங்கள், சிதறல் எவ்வளவு, சொல்லியிருப்பது சிறிய எண்ணா சராசரியா பெரிய எண்ணா என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.